நேத்து என்ன சாப்பிட்டே?

"ஏன் புஸ்தகத்தைக் கடைசிப் பக்கத்துலேர்ந்து படிக்கறே?"ன்னு ரங்கமணி கேட்கும்போதெல்லாம் "உருது கத்துக்கறேன்"னு சொல்லி வெச்சிருக்கேன். மனுஷன் நாலு வருஷமா நம்பிட்டிருக்கார். (இல்ல, நம்பற மாதிரி நடிக்கிறாரோ என்னவோ.) ஜப்பான் காமிக்ஸுக்கு மாங்கான்னு பேர். ஊறுகாய் போடற மாங்கா இல்லீங்கோ. அது வலமிருந்து இடமாப் போகும். அதுல நான் விழுந்து விழுந்து படிக்கற வகைக்குப் பேரு பாய்ஸ் லவ், சுருக்கமா பிஎல். ரெண்டு ஆண்களுக்கு நடுவுல வர்ற காதல் கதைகள். எழுதறவங்க பெரும்பாலும் பெண்கள். படிக்கறவங்களும் பெரும்பாலும் பெண்கள்தான்.

டிஸ்கியை முன்னாடியே போட்டுடறேன். இது மாங்கா அறிமுகப் பதிவு இல்ல, விமர்சனமும் இல்ல. ஒரு மாசமா மனசுல உறுத்திட்டிருக்கற ஒரு விஷயத்தை இறக்கி வைக்கணும். அதைச் சொல்றதுக்கு முன்னாடி இந்தப் புஸ்தகங்கள் எனக்கு ஏன் இவ்ளோ பிடிச்சுப் போச்சுன்னு சொல்லியாகணும். நீளமாத்தான் போகும். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கொசுவத்தி சுத்திக்கறேன். நான் பிஎல் தேடிப் போனவ இல்ல. சமையல் புஸ்தகம் தேடிப் போனவ. ஆன்லைன்ல ஒரு நாள் மேய்ஞ்சிட்டிருந்தப்ப "நேத்து என்ன சாப்பிட்டே?"ன்னு அர்த்தம் வர்ற தலைப்புல ஒரு புஸ்தகம் கண்ல பட்டுச்சு. ஜப்பான் சமையல், படத்தோட, விலையும் பரவாயில்ல. வாங்கிட்டேன். பிரிச்சுப் பாத்தா ஒரு வக்கீல், ஆறு மணிக்கு டாண்ணு ஆபீஸை விட்டுக் கிளம்பி, சூப்பர் மார்க்கெட்ல எது இன்னிக்கு மலிவுன்னு பாத்துப் பாத்து வாங்கறார். வீட்டுக்கு வந்து சமைக்கறார். சாப்பிட ஒருத்தர் வர்றார். முடி திருத்தற கலைஞர். ரெண்டு பேரும் சேர்ந்து வாழறவங்க. அது பாட்டுக்கு சாதாரணமா வருது, பின்னணி இசை எதுவும் இல்லாம. நான் ரெண்டு பக்கம் பின்னால போய் திரும்பப் படிச்சேன், ஏதாவது விட்டுட்டேனான்னு.

யோஷினாகா ஃபுமி எழுதி வரையற தொடர் இது. 2007ல 'மார்னிங்'ங்கற வாரப் பத்திரிகையில தொடங்கினது. வக்கீல் பேரு ககேய் ஷிரோ, மத்தவர் யபுகி கென்ஜி. தொடங்கும்போது ஷிரோவுக்கு 43 வயசு. கதையோட சேர்ந்து ரெண்டு பேருக்கும் நிஜமாவே வயசு ஏறுது. நம்ம சீரியல் மாதிரி பத்து வருஷமா அதே கல்லூரி மாணவன் கிடையாது. கண்ணுக்குப் பக்கத்துல கோடு விழுது, கொழுப்பு ஏறுது, அப்பா அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. ரூல்ஸ் பேசற ஆசாமிகள் ஒண்ணு சொல்லுவாங்க: 'மார்னிங்' ஆண்களுக்கான பத்திரிகை, அதனால இது கணக்குப்படி பிஎல் கிடையாதுன்னு. இருந்துட்டுப் போகட்டும். யோஷினாகா பிஎல்லுலேர்ந்து வந்தவங்க. எனக்கு இந்தக் கதவுதான் திறந்துச்சு.

இதுல நான் சிக்கின இடம் எதுன்னா, மாச சாப்பாட்டுக்கு 25,000 யென்னுக்கு மேல போகக் கூடாதுன்னு ஷிரோ வெச்சிருக்கற கணக்கு. கென்ஜி ஆசையா விலை கூடின ஐஸ்கிரீமை வாங்கிட்டு வந்தா ஷிரோவுக்கு பிபி ஏறுது. முதல்ல எனக்கும் கஞ்சனாத்தான் தெரிஞ்சார். அப்புறம்தான் புரியுது, இவருக்குப் புள்ள குட்டி கிடையாது, வயசான காலத்துல யாரு பாப்பாங்கன்னு தெரியாது, அதுக்காக ஒவ்வொரு யென்னா எடுத்து வெக்கறார்னு. பயம்னு ஒரு வார்த்தை எங்கயும் வராது. முட்டைகோஸ் விலையில இருக்கு அந்த பயம். ஒரு தர்பூசணிக் காட்சி வரும் பாருங்க. முழுசா வாங்கினா ரெண்டு பேருக்கு அதிகம். அங்க நிக்கற முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்கும் அதே கவலை. ஆளுக்குப் பாதின்னு பேசி வாங்கிக்கறாங்க. அப்படியே வருஷக்கணக்கான சிநேகிதம் ஆயிடுது. அந்த வீட்ல இவர் யாரோட வாழறார்னு தெரிஞ்சதும் ஒரு குதி குதிச்சு அடங்கிடறாங்க, அடுத்த தடவை காய்கறி பங்கு போடறதுக்கு போன் வருது.

சமையல் குறிப்பு நிஜமான குறிப்பு. எந்த அடுப்புல எதை முதல்ல ஏத்தணும், அது கொதிக்கறதுக்குள்ள எதை நறுக்கணும்னு அவர் மனசுக்குள்ள ஓடற ஓட்டம் அப்படியே பக்கத்துல வரும். முதல் அத்தியாயத்துல சால்மன் மீனையும் ஒரு கிழங்கையும் போட்டு வடிக்கற சாதம். நான் மீனுக்கு பதிலா காளான் போட்டுப் பாத்தேன். எங்க வீட்டு விமர்சகர்கள் "பிரிஞ்சியா இது?"ன்னு கேட்டாங்க. அதோட விட்டுட்டேன்.

சரி, ஏன் ரெண்டு ஆண்கள்? அதே சமையல், அதே கணக்கு, அதே சண்டை, ஒரு புருஷன் பொண்டாட்டி கதையா இருந்தா ஆகாதான்னு நானே என்னைக் கேட்டுக்கிட்டேன். ஆகாதுன்னுதான் தோணுது. ஏன்னா புருஷன் பொண்டாட்டி கதையில யார் சமைக்கணும்னு யாரும் எழுதறதுக்கு முன்னாடியே தெரியும். பொண்டாட்டி சமைச்சா அது செய்தியே இல்ல. புருஷன் சமைச்சா "அடடா, எவ்ளோ நல்லவர்". (எங்க வீட்ல ரங்கமணி வருஷத்துக்கு ரெண்டு தடவை உப்புமா கிண்டுவார், அதுக்கு ஊர்ல இருக்கற அத்தனை சொந்தத்துக்கும் போட்டோ போகும்.) ஷிரோவும் கென்ஜியும் வாழற வீட்ல அந்தப் பட்டியல் ஒட்டப்படலை. அதனால யாரு சமைக்கறது, யாரு பாத்திரம் தேய்க்கறது, யாரு வீட்டுக்குப் பொங்கலுக்கு, மன்னிக்கணும், புத்தாண்டுக்குப் போறதுங்கறதை எல்லாம் அவங்களே கேட்டு, பேசி, முகத்தைத் தூக்கி வெச்சு, சமாதானம் ஆகித்தான் முடிவு பண்ணணும். அதைப் பக்கத்துல உக்காந்து பாக்கற மாதிரி இருக்கு. பதினாறு வயசுல அக்கா ஒளிச்சு வெச்சிருந்த ராணிமுத்து நாவல்களை மொட்டை மாடியில படிச்சு வளந்தவ நான். ஹீரோ கோபக்காரன், ஹீரோயின் பொறுமைசாலி, கடைசி நாலு பக்கத்துல கோபத்துக்குக் காரணம் அன்புதான்னு தெரிய வரும். நானும் நம்பினேன். கோபத்துக்குக் காரணம் கோபம்தான்னு தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆச்சு.

எல்லா பிஎல்லும் இப்படி மெத்துனு இருக்காதுங்கறதையும் சொல்லிடணும். நிறைய கதைகள்ல ஒருத்தன் துரத்தறவன், இன்னொருத்தன் துரத்தப்படறவன்னு ரெண்டு அச்சு. அதுக்கு ஜப்பான்ல செமே, உகேன்னு பேரே இருக்கு. துரத்தறவன் கையைப் பிடிச்சு முறுக்கினாலும் அது காதல்ல சேர்த்தி. அந்த மாதிரி ரெண்டு வாங்கி, பாதியில மூடி வெச்சேன். அதுவும் என் ராணிமுத்துக் காலத்து ஹீரோதான், வேற சட்டை போட்டுக்கிட்டு. எனக்குப் பிடிச்சது அந்த அச்சுல வார்க்காதவங்க.

நாகமுரா அசுமிகோவோட 'தோக்யூசே' அந்த ரகம். தலைப்புக்கு வகுப்புத் தோழன்னு அர்த்தம். 2008ல புஸ்தகமா வந்தது, 2016ல அனிமேஷன் படமும் ஆச்சு. ஆம்பளைப் பசங்க ஸ்கூல். சேர்ந்திசைப் போட்டிக்குப் பயிற்சி. கிடார் வாசிக்கற குசகாபே, வகுப்புலயே நல்லாப் படிக்கற சாஜோ வாயைத் திறக்காம நிக்கறதைப் பாக்கறான். திமிர்னு நெனச்சுக்கறான். அப்புறம் ஒரு நாள் காலி வகுப்புல சாஜோ தனியா நின்னு அந்தப் பாட்டைப் பாடிப் பாத்துட்டிருக்கறதைப் பாக்கறான். "நான் சொல்லித் தரட்டுமா"ன்னு கேக்கறான். கதை கிட்டத்தட்ட அவ்ளோதான். அசுமிகோ கோடு ரொம்ப மெல்லிசு. கழுத்தை நீளமா வரைவாங்க. பாதிப் பக்கம் வெள்ளையா கிடக்கும். அந்த வெள்ளையில ரெண்டு பேரும் பேசாம நிக்கறாங்க, நாம அடுத்த பக்கத்தைத் திருப்பாம நிக்கறோம்.

யாவோய்னு ஒரு பழைய பேரும் உண்டு இந்த வகைக்கு. உச்சம் கிடையாது, முடிச்சு கிடையாது, அர்த்தமும் கிடையாதுங்கற மூணு ஜப்பான் வார்த்தைகளோட முதல் எழுத்துக்களைச் சேர்த்த பேரு. எழுபதுகளோட கடைசியில அந்தப் பெண்கள் தங்களையே கிண்டல் பண்ணிக்க வெச்சுக்கிட்டது. நாம நம்ம பதிவை மொக்கைன்னு சொல்லிக்கறோமே அந்த மாதிரி. :-) இந்த வகை ரசிகைகள் தங்களை ஃபுஜோஷின்னு சொல்லிக்குவாங்க. உச்சரிப்புல மரியாதையான பெண்மணி, எழுத்துல அழுகிப் போன பொண்ணு. அதுவும் சிலேடைக் கிண்டல்தான். எழுபதுகள்ல ஹகியோ மோடோ 'தோமாவின் இதயம்' (1974), தகேமியா கேய்கோ 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' (1976) வரைஞ்சப்ப எல்லாமே ஐரோப்பிய விடுதிப் பள்ளிகள், தங்க முடிப் பசங்க, மரணம், கண்ணீர். இருபதுகள்ல இருந்த ரெண்டு பெண்கள், டோக்கியோவோட ஓரத்துல ஒரே வீட்ல குடியிருந்தவங்க, பொண்ணுங்களுக்குன்னு எழுதி வெச்ச கதையை விட்டு வெளில வர அந்தப் பசங்களோட சட்டையைப் போட்டுக்கிட்டாங்கன்னு எனக்குத் தோணும். அந்தத் தங்க முடிக்கும் ஷிரோவோட தள்ளுபடி முட்டைகோஸுக்கும் நடுவுல முப்பது வருஷம்.

படிக்கறவங்களைப் பத்தியே ஒரு கதை இருக்கு. த்சுருதானி கவோரியோட 'மெட்டாமார்ஃபோசே நோ எங்காவா'. எங்காவான்னா வீட்டை ஒட்டி தோட்டத்தைப் பாத்து இருக்கற மரத் தாழ்வாரம், நம்ம திண்ணைக்கு அக்கா தங்கச்சி. இச்சினோய்ங்கற எழுபத்தஞ்சு வயசுப் பாட்டி, புருஷனை இழந்தவங்க, வீட்ல எழுத்துக்கலை வகுப்பு எடுக்கறவங்க. ஒரு வெயில் நாள்ல புஸ்தகக் கடைக்குள்ள நுழைஞ்சு, அட்டைப்படம் அழகா இருக்குன்னு ஒரு மாங்கா வாங்கிட்டுப் போறாங்க. வீட்ல போய்ப் பிரிச்சா ரெண்டு பசங்க முத்தம் கொடுத்துக்கறாங்க. நானும் சமையல் புஸ்தகம்னு வாங்கினவதானே, பாட்டியைப் பாத்ததும் கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அடுத்த பாகம் கேட்டுக் கடைக்குத் திரும்ப வர்றாங்க. அங்க வேலை பாக்கற உராரான்னு ஒரு ஸ்கூல் பொண்ணு, தன் பிஎல் புஸ்தகங்களை எல்லாம் அட்டைப்பெட்டியில ஒளிச்சு வெச்சிருக்கறவ. ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து அதைப் பத்திப் பேசறாங்க. ஒரு இடத்துல பாட்டி கணக்குப் போடறாங்க, ஒரு பாகம் வர இவ்ளோ நாள் ஆகுது, என் ஆயுசுக்குள்ள இன்னும் எத்தனை பாகம் படிக்கலாம்னு. அந்தப் பக்கத்துல நான் புஸ்தகத்தை மூடிட்டு துணி காயப்போடப் போயிட்டேன்.

எங்க வீட்டு உராரா என் பொண்ணு. 2022ல நெட்ஃபிளிக்ஸ்ல 'ஹார்ட்ஸ்டாப்பர்' வந்தப்ப ராத்திரி பகலா பாத்தா. அலிஸ் ஓஸ்மேன் 2016லேர்ந்து இணையத்துல வரைஞ்சு போட்ட காமிக்ஸ் அது. இங்கிலாந்துல ஒரு ஸ்கூல், பக்கத்துப் பக்கத்துல உக்காரற நிக், சார்லின்னு ரெண்டு பசங்க. மனசு படபடக்கற இடத்துல எல்லாம் கட்டத்துல இலை பறக்கும். நான் காமிக்ஸை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்ததைப் பாத்து "அம்மா, நீயுமா!"ன்னா. அவ்வ்வ்வ். உருதுக் கதை அவகிட்ட எடுபடலை.

இப்ப உறுத்தற விஷயத்துக்கு வரேன்.

எனக்கு ஒரு நண்பன். பேர் வேணாம். முதல் வேலையில பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்காந்து ஆணி புடுங்கினவங்க. 2009 ஜூலை ரெண்டாம் தேதி டீம்ல எல்லாருக்கும் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தான். என்ன விசேஷம்னு கேட்டதுக்கு "சும்மா"ன்னான். பொண்ணு பாத்துட்டாங்கன்னு நாங்க ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினோம். அன்னிக்குத்தான் 377வது பிரிவு பத்தி டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. 2013 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணின நாள் அவன் லீவு. இந்த ரெண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பாக்க 2018 செப்டம்பர் ஆச்சு. அந்த மாசம் திரும்பவும் மைசூர்பாக். இந்தத் தடவை வீட்டுக்கே வந்து கொடுத்துட்டு, "இப்பவாவது கேளேன்"ன்னான். ஒன்பது வருஷமா நான் அவன்கிட்ட கேட்டுட்டு இருந்தது "கல்யாணம் எப்படா?" மட்டும்தான்.

இந்த மாங்கா பைத்தியம் பிடிச்சதும் ஓடிப் போய் அவன்கிட்டதான் சொன்னேன், ஏதோ பரிசு கொடுக்கற மாதிரி. பாய்ஸ் லவ்வுன்னா என்ன, எவ்ளோ இதமா இருக்குன்னு எல்லாம். கேட்டுட்டு சொன்னான்: "எழுதறது நீங்க, படிக்கறது நீங்க. நடுவுல நாங்க எங்கடி வர்றோம்? உனக்கு இது சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்வீட். எனக்கு வாடகைக்கு வீடு பாக்கற பிரச்சனை." எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அப்புறம் படிச்சா, 1992லயே ஜப்பான்ல சத்தோ மசாகின்னு தன்பாலீர்ப்பு கொண்ட ஒருத்தர் ஒரு பெண்ணியச் சிறுபத்திரிகையில இதையேதான் இன்னும் காரமா கேட்டிருக்கார். எங்களைப் பொம்மையாக்கி விளையாடறீங்கன்னு. அந்தச் சண்டை வருஷக்கணக்கா ஓடியிருக்கு, அதைப் படிச்சு நிறைய பேர் எழுதற விதத்தையே மாத்திக்கிட்டதாவும் சொல்றாங்க. நியாயமான கேள்விதான். எனக்கு இன்னிக்கும் முழுசா பதில் கிடையாது. சாஜோ, குசகாபே மாதிரி ரெண்டு பசங்களை நான் ரசிக்கறதுல, அவங்க என்னை எதுவும் கேக்க மாட்டாங்கங்கற வசதியும் இருக்குன்னு மட்டும் ஒத்துக்கறேன்.

ஆனாலும் விடலை. 'நேத்து என்ன சாப்பிட்டே' முதல் தொகுதியை அவன் பையில திணிச்சு அனுப்பினேன். மூணு நாள் கழிச்சு போன். "அந்த சலூன் சண்டையை எவ எழுதினா? எங்க வீட்டுக்கு வந்து ஒட்டுக் கேட்டாளா?" அது இதுதான்: கென்ஜி தன்கிட்ட முடி வெட்டிக்க வர்ற வாடிக்கையாளர்கிட்ட ஷிரோவைப் பத்திப் பேசியிருக்கார். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் சொல்லாம வாழற ஷிரோவுக்கு அது தெரிஞ்சதும் பயங்கர கோபம். கென்ஜி கேக்கறார், மத்தவங்க எல்லாம் பொண்டாட்டியைப் பத்திப் பேசறாங்க, நான் மட்டும் கூட வாழற ஆளைப் பத்திப் பேசக் கூடாதான்னு. நண்பனோட வீட்ல ஷிரோ இவன்தானாம். சிரிச்சுட்டே சொன்னான். அப்புறம் பதிலுக்கு எனக்கு ஒரு புஸ்தகம் கொடுத்தான், தகாமே கெங்கோரோவோட 'என் தம்பியின் கணவர்'. இது பிஎல் இல்ல, எழுதினவரே தன்பாலீர்ப்பாளர். இறந்து போன தம்பியோட கணவர் மைக், கனடாவிலேர்ந்து அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறார். அண்ணன் யாயிச்சி நல்லவர்தான். ஆனா மனசுக்குள்ள கத்தறது ஒரு கட்டத்துல, வெளில மரியாதையா நடந்துக்கறது அடுத்த கட்டத்துலன்னு வரைஞ்சிருப்பார். "உங்காளுங்க கதையில இந்த முதல் கட்டம் வராது"ன்னான் நண்பன். நான் அப்ப தலையாட்டினேன்.

போன மாசம் அவனையும் அவன் துணையையும் சாப்பிடக் கூப்பிட்டேன். பதினாலு வருஷமா சேர்ந்து வாழறாங்க, இதுவரைக்கும் ரெண்டு பேரையும் சேர்த்து வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்ல. ரெண்டு நாள் முன்னாடி கும்பகோணத்துலேர்ந்து அத்தை வந்து இறங்கிட்டாங்க. நான் தள்ளிப் போடலை, அதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற. அவங்க உள்ள வந்தாங்க. நண்பனை அத்தைக்கு முன்னமே தெரியும். பக்கத்துல நின்னவரைப் பாத்து "இந்தத் தம்பி யாரும்மா?"ன்னு என்னைக் கேட்டாங்க.

"இவனோட ரூம் மேட், அத்தை."

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லலை. யோசிக்கக் கூட இல்ல, வாய்ல தயாரா இருந்துச்சு. நண்பன் செருப்பைக் கழட்டறதுக்குக் குனிஞ்சான், கொஞ்ச நேரம் நிமிரலை. அவர் அத்தைக்கு வணக்கம் வெச்சார். அப்புறம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அவருக்கு சமையல் அத்துப்படி, வத்தக்குழம்புல எண்ணெய் எப்ப பிரியும்னு அத்தைகிட்ட அரை மணி நேரம் பேசினார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். "இந்தப் பசங்களுக்கு யாராவது பொண்ணு பாக்கக் கூடாதா"ன்னு எல்லாருக்கும் பொதுவா கேட்டாங்க. நான் மோர் எடுக்க எழுந்து போயிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரலை. எட்டாவது தொகுதியை எடுத்தேன். அதுக்கு முந்தின தொகுதியில, புத்தாண்டுக்கு ஷிரோ முதல் தடவையா கென்ஜியை அப்பா அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பார். எல்லாரும் மரியாதையா இருப்பாங்க, ஷிரோவோட அம்மா பாத்துப் பாத்து சமைச்சிருப்பாங்க. திரும்பி வர்ற வழியில கென்ஜி சந்தோஷத்துல அழுதுடுவார். நானும் கூட அழுதிருக்கேன், அதை வெச்சு என் பொண்ணு இன்னும் ஓட்டறா. ஆனா யோஷினாகா அங்க நிறுத்தலை. அதுக்கப்புறம் அந்த அம்மா ஷிரோகிட்ட சொல்லிடறாங்க, அடுத்த புத்தாண்டுக்கு அவரைக் கூட்டிட்டு வராதேன்னு. கெட்டவங்க இல்ல, அவங்களால முடியலை, அவ்ளோதான். 2021ல வந்த சினிமாவையே இதுலேர்ந்துதான் தொடங்கியிருப்பாங்க. ஷிரோ திடீர்னு கென்ஜியை கியோத்தோவுக்குச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போவார், அவ்ளோ நல்லவரா நடந்துக்கறதுக்குக் காரணம் இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாத தவிப்பு. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா மேல எனக்கு ஆத்திரமா வரும். "எவ்ளோ நல்லா சமைச்சுப் போட்டுட்டு இப்படியா"ன்னு. இந்தத் தடவை படிக்கும்போது எங்க வீட்டு ஹால்ல வத்தக்குழம்பு வாசனை இன்னும் போகலை.

பத்து நாள் அவன்கிட்டேர்ந்து ஒரு மெசேஜும் இல்ல. நானே எழுதினேன், சுத்தி வளைக்காம. பதில் வந்துச்சு. "எங்கம்மாகிட்ட நானே ஆறு வருஷம் ரூம் மேட்னுதான் சொன்னேன். விடு." கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. "அவன்தான் வண்டியில வரும்போது கேட்டான், அவங்க அந்தப் புக்கெல்லாம் படிக்கறவங்கன்னு சொன்னியேன்னு."

அதுக்கு நான் என்ன பதில் எழுத. மூணு தடவை டைப் பண்ணி அழிச்சேன். கடைசியில "அடுத்த ஞாயிறு திரும்ப வாங்க. அத்தை இங்கதான் இருப்பாங்க"ன்னு அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு "ரெண்டாவது தொகுதி எடுத்து வை"ன்னு வந்துச்சு.

இன்னிக்கு வெள்ளி. காலையில கீரை ஆய்ஞ்சிட்டே அத்தை கேட்டாங்க, "அந்த ரெண்டு பசங்களும் ஞாயித்துக்கிழமை வராங்களா? அந்தத் தம்பிக்குன்னு சுண்டக்கா வத்தல் எடுத்து வெச்சிருக்கேன், நல்லா கை பாகமா சமைக்குமாம்." நான் அவங்க பக்கத்துல உக்காந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கிட்டேன். "அத்தை, அன்னிக்கு நான் ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்"னு ஆரம்பிச்சேன். குக்கர் விசில் அடிச்சுச்சு. அத்தை எழுந்து போகலை, "என்ன?"ன்னு கேட்டாங்க.

சொல்லிட்டேன். கீரைக் கட்டு முழுசும் ஆய்ஞ்சு முடிக்கற வரைக்கும் அத்தை ஒண்ணும் பேசலை. அப்புறம் தட்டை எடுத்துட்டு உள்ள போனாங்க. வத்தல் டப்பா இன்னும் மேடை மேலயேதான் இருக்கு.

பி.கு: ரங்கமணி இப்பத்தான் வந்து, "உன் உருது புஸ்தகம் ஏழாவது பாகத்தை எங்க வெச்சே? ஆறு முடிச்சுட்டேன்"னார்.